பிரேக் பெடல் இறுகினால்: ஹோஸ், பம்ப், பூஸ்டர், காலிப்பர், எதில் முதலில் கை வைப்பது?

"அண்ணே, பூஸ்டர் போயிருச்சு, மாத்திரலாம்." பிரேக் பெடல் கல்லு மாதிரி இருக்கிறது என்று காரைப் பட்டறையில் விட்டால் அடிக்கடி கிடைக்கிற பதில் இது. சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் நம் மிதியின் பலத்தைப் பெருக்கித் தருகிற பூஸ்டர் ஆயிரக்கணக்கில் விலை போகிற சாமான்; கழற்றி மாட்டவே அரை நாள் பிடிக்கும். மாற்றிய பிறகும் பெடல் இறங்கவில்லை என்றால், மாட்டிக் கழற்றிய பூஸ்டரைக் கடைக்காரர் திருப்பி எடுப்பது அபூர்வம். தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும், இந்தப் பக்கம் மண்டபம் தாண்டி ராமேஸ்வரம் தீவுக்குள்ளும் ஓடுகிற வண்டிகளுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. உப்புக் காற்று பிரேக்கின் எல்லாப் பாகத்தையும் ஒரே வேகத்தில் அரிப்பதில்லை. எதை முதலில் சந்தேகப்பட வேண்டும் என்கிற வரிசையே அதனால் இங்கே கொஞ்சம் மாறுகிறது.

எங்கள் வரிசை இது: முதலில் மிதியடியும் (கால் வைக்கும் இடத்தில் கிடக்கும் விரிப்பு), பெடல் தொங்கும் பின் என்கிற தண்டும். அடுத்து பூஸ்டருக்கு வேக்கம், அதாவது உறிஞ்சும் இழுவை, கொண்டுவரும் ஹோஸும் அதிலுள்ள வால்வும். டீசல் வண்டி என்றால் வேக்கம் பம்ப். பிறகு சக்கரத்தில் பேட் என்கிற உராய்வுத் தகட்டை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர். பூஸ்டர் கடைசி. சோதனையில் உறுதியாகாமல் பூஸ்டருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

பெடலுக்குப் பின்னால் இருக்கும் பலம்

நம் காலின் பலத்தால் மட்டும் கார் நிற்பதில்லை. பூஸ்டர் என்கிற வட்டமான தகரக் குடுவைக்குள் ஒரு ரப்பர் டயஃப்ரம் இருக்கிறது. அதன் முன்பக்கம் எப்போதும் வேக்கம்; பெடலை மிதித்ததும் பின்பக்கம் வெளிக்காற்று நுழைகிறது. இரண்டு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வேறுபாடு, பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்கு அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது. 9 அங்குல டயஃப்ரத்தின் பரப்பு ஏறத்தாழ 410 சதுர சென்டிமீட்டர். 20 அங்குலப் பாதரச அளவுக்கு வேக்கம் இருந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.69 கிலோ அழுத்தம். பெருக்கினால் 280 கிலோ வருகிறது. ஓரமும் நடுத்தண்டும் பிடிக்கிற பரப்பைக் கழித்தாலும் 200 கிலோவுக்கு மேல் நிற்கும். வேக்கம் இல்லாமல் போனால் இந்த 200 கிலோவும் போய்விடுகிறது. அப்போதும் பிரேக் பிடிக்கும், ஆனால் முழு உடம்பையும் போட்டு மிதிக்க வேண்டும்.

இந்த வேக்கம் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வருகிறது. டீசல் இன்ஜின் மேனிஃபோல்டில் போதிய வேக்கம் கிடைக்காது. அதற்குத் தனி பம்ப் வைத்திருப்பார்கள். இன்ஜினை அணைத்தாலும் பூஸ்டருக்குள் இரண்டு மூன்று மிதிக்குக் காணும் வேக்கம் மிச்சம் இருக்கும், அவ்வளவுதான். பாம்பன் சாலைப் பாலத்தின் நடு மேட்டிலிருந்து இறங்கும்போது பெட்ரோலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து உருளவிடுகிறவர்கள், பாதி இறக்கத்தில் நாலாவது மிதியில் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வார்கள்.

வாசலிலேயே செய்யும் சோதனை

சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். முதலில் மிதியடியை எடுத்து வெளியே போட்டுவிட்டுப் பெடலைக் கையால் அழுத்தி விடுங்கள். பெடல் மெதுவாகத் திரும்பினாலோ, கரகரவென்று உரசினாலோ குற்றம் பெடல் பின்னிலும் புஷ்ஷிலும் இருக்கலாம். அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு ஈரக்காலோடு ஏறி உட்கார்வது, தனுஷ்கோடி மணலோடு செருப்பை உள்ளே கொண்டுவருவது, இரண்டும் சேர்ந்து அந்தப் பின்னைத் துருப்பிடிக்க வைக்கும். துடைத்து வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் தடவினால் வேலை முடிந்தது. செலவே இல்லாத இந்த வேலையைத் தாண்டாமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

அடுத்து, இன்ஜின் அணைந்திருக்கும்போதே பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள்; மிச்ச வேக்கம் தீர்ந்து பெடல் இறுகும். மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் தானாக ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் வேக்கமும் பூஸ்டரும் வேலை செய்கின்றன; கார் நிற்கவில்லை என்ற குறை இருந்தால் சக்கரப் பக்கம் போய்ப் பாருங்கள். அசையவே இல்லை என்றால் குற்றம் வேக்கம் பக்கத்திலோ பூஸ்டரிலோ.

மூன்றாவது சோதனையை மெக்கானிக்குகளே பல நேரம் விட்டுவிடுகிறார்கள். இன்ஜினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் பெடலை மிதியுங்கள். முதல் மிதி நன்றாக உள்ளே போக வேண்டும். அடுத்தடுத்த மிதியில் பெடல் மேலே ஏறிக்கொண்டே வர வேண்டும். முதல் மிதியே இறுகி நின்றால் சேமித்த வேக்கம் எங்கோ கசிந்துவிட்டது: ஒருவழி வால்வு, அது உட்காரும் ரப்பர் கிராமெட், அல்லது பூஸ்டர். இன்ஜின் ஓடும்போது பெடல் சாதாரணமாக இருந்து, இந்தச் சோதனையில் மட்டும் தோற்றால் முதல் சந்தேகம் வால்வின் மேல்.

கடைசியாக, இன்ஜின் ஓடும்போது பெடலை மிதித்துப் பிடித்தபடி அணையுங்கள். 30 விநாடி பிடித்திருங்கள். பெடல் காலை மேலே தள்ளினால் பூஸ்டருக்குள் காற்று கசிகிறது. மிதிக்கும்போது பெடல் மேல்பக்கமிருந்து 'உஸ்ஸ்' என்ற சத்தம் விடாமல் கேட்பதும், பெட்ரோல் காரில் மிதிக்கும்போது ஐடிலிங் தடுமாறுவதும் இதே குற்றத்தின் அடையாளங்கள்.

ஹோஸும் வால்வும்

பூஸ்டர் பக்கத்தில் ஹோஸைக் கழற்றி, இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது நுனியைக் கட்டைவிரலால் மூடுங்கள். விரலைப் பிடித்து இழுக்க வேண்டும். திறந்த நுனியில் பெட்ரோல் இன்ஜின் தடுமாறுவது இயல்பு, பயப்பட வேண்டாம். இழுவை பலமாக இருந்தால் வேக்கம் வருகிறது, பூஸ்டரைச் சந்தேகிக்கலாம். இழுவை சோம்பலாக இருந்தால் ஹோஸின் மறுமுனைவரை தடவிக்கொண்டே போங்கள்.

வால்வு சில கார்களில் பூஸ்டர் முகத்தில் கிராமெட்டுக்குள் இருக்கும். சிலவற்றில் ஹோஸுக்குள்ளேயே ஒளிந்திருக்கும், வெளியே இன்ஜின் பக்கம் காட்டும் அம்புக்குறி மட்டும் தெரியும். கழற்றி வாயால் ஊதிப் பார்க்கலாம். பூஸ்டர் பக்கமிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், இன்ஜின் பக்கமிருந்து ஊதினால் போகக் கூடாது. இரண்டு பக்கமும் போனால் வேக்கத்தைப் பிடித்து வைக்காது. இரண்டு பக்கமும் போகவில்லை என்றால் பூஸ்டருக்கு வேக்கமே போகவில்லை. பெடல் எப்போதும் இறுகியிருக்கும், பூஸ்டர் பழுதானதற்கு அச்சு அசலாக இருக்கும். வீணாகப் பூஸ்டர் மாற்றப்படுவது இந்த இடத்தில்தான்.

ஹோஸில் பார்க்க வேண்டியவை வெடிப்பு, எலிக்கடி, கிளாம்ப் துரு. வெளியே நன்றாகத் தெரிந்து உள்சுவர் மட்டும் பிரிந்து, சூட்டில் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்கிற ஹோஸும் உண்டு. காலையில் பிரேக் நன்றாக இருந்து, ராமநாதபுரம் போய்ச் சேர்வதற்குள் இறுகுகிறது என்றால் இதை நினையுங்கள். அவசரத்துக்கு கேஸ் அடுப்புக் குழாயோ தண்ணீர்க் குழாயோ வெட்டி மாட்டுவதை இங்கே பார்க்கலாம். அவை உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்துக்கு ஆனவை, உறிஞ்சும்போது சப்பிவிடும். அந்தக் காருக்கான பிரேக் வேக்கம் ஹோஸ்தான் வேண்டும். ஹோஸ், வால்வு, கிராமெட் மூன்றையும் சேர்த்து மாற்றினாலும் பெரும்பாலான சிறிய கார்களில் பூஸ்டர் விலையில் சிறு பங்குதான் ஆகும். பழையது ஏழெட்டு வருடம் ஆனது என்றால் சோதனையில் பாதி சந்தேகம் இருந்தாலும் மாற்றிவிடுவதில் நஷ்டம் இல்லை. எல்லா வழிகளிலும் இதற்கு மட்டும்தான் இந்தச் சலுகை.

டீசல் வண்டி என்றால்

ஹோஸின் நடுவே மூன்று வாய் உள்ள டீ (T) இணைப்பு வைத்து ஒரு வேக்கம் கேஜ் (அளவுமானி) மாட்டிப் பாருங்கள். பெட்ரோல் காரில் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவு ஆடாமல் நிற்க வேண்டும். டீசல் பம்ப் 24க்கு மேல் காட்ட வேண்டும், ஸ்டார்ட் செய்த சில விநாடியில் அங்கே போய்ச் சேரவும் வேண்டும். மெதுவாக ஏறினால் பம்ப் தேய்ந்திருக்கிறது, அல்லது வழியில் ஓட்டை. டர்போ, இ.ஜி.ஆர். (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பும் வால்வு) இவற்றை இயக்கும் சிறு குழாய்களும் பல டீசல் கார்களில் இதே பம்பிலிருந்துதான் பிரிகின்றன. பிரேக் இறுகியதோடு பிக்கப்பும் குறைந்திருந்தால் பம்பை விலை பேசும் முன் அந்தப் பென்சில் தடிமன் குழாய்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பம்ப் பெரும்பாலும் இரண்டு விதம். கேம் ஷாஃப்ட் முனையில் மாட்டியது ஒன்று. பழைய பொலேரோ, சுமோ போன்றவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்னால் உட்கார்ந்திருப்பது மற்றொன்று. இரண்டுக்கும் மசகு இன்ஜின் ஆயில்தான். ஆயில் மாற்றாமல் இழுத்தடித்தால் உள்ளே வேன் எனப்படும் தகடுகள் சிக்கும். பம்ப் உடம்பைச் சுற்றி ஆயில் வழிந்தால் பல நேரம் ஓரிங் என்கிற ரப்பர் வளையத்தை மாற்றினாலே போதும். ஆனால் வேக்கம் குறைந்து, ஓரிங்கும் குழாயும் சரியாக இருந்தால் பம்பை மாற்றுவதுதான் வழி. தகடு மட்டும் மாற்றி ரிப்பேர் செய்தது நிலைப்பதில்லை. ஆல்டர்னேட்டரில் உள்ளது என்றால் பம்பை மட்டும் தனியாக மாற்றலாம். முழு ஆல்டர்னேட்டருக்கும் பில் போட்டால் ஏன் என்று கேளுங்கள். வேக்கம் ஹோஸுக்குள் ஆயில் நனைந்திருந்தால் புதுப் பம்ப் மாட்டும்போது ஹோஸையும் வால்வையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஆயில் ரப்பரை ஊதவைத்துவிடும்.

பூஸ்டர்தான் என்று உறுதியான பிறகு

இங்கே நான்கு வழி இருக்கிறது: கம்பெனி ஒரிஜினல், வேறு தயாரிப்பின் புதிய பூஸ்டர், பழைய பூஸ்டரைத் திறந்து கிட் (உள்ளே மாற்றும் ரப்பர் சாமான்களின் செட்) போடுவது, பழைய சாமான் கடையில் இன்னொரு காரிலிருந்து கழற்றியது.

கடைசி வழியை இந்தக் கடற்கரைக்கு நாங்கள் ஒதுக்கிவிடுகிறோம். வெளியே வண்ணம் அடித்த குடுவைக்குள் துரு எவ்வளவு என்று யாராலும் பார்க்க முடியாது. உள்ளூர் வண்டியின் பூஸ்டர் என்றால் சந்தேகம் இரட்டிப்பு. மூன்றாவது வழிக்குச் சில நிபந்தனைகள் உண்டு. குடுவையின் இரண்டு பாதியும் விளிம்பில் மடித்து நெரித்திருக்கும். அதைத் திறக்கவும் திரும்ப நெரிக்கவும் ஜிக் என்கிற பிடிகருவி வேண்டும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஆளை அடிக்கும் அளவுக்கு விசையானது. விளிம்பு சுத்தமாக இருந்தால் டயஃப்ரம் மாற்றியது உட்காரும். விளிம்பில் துரு தின்ற பள்ளம் இருந்தால் எந்த கிட் போட்டாலும் காற்று போகும். இங்கே பூஸ்டரின் அடிவிளிம்புதான் முதலில் துருப்பிடிக்கிறது. வைப்பர் கீழே உள்ள வடிகால் ஓட்டையைக் கருவேல இலைத்துகள் அடைத்து, மழைநீர் நேராகப் பூஸ்டர் மேல் சொட்டுவது ஒரு காரணம். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கசியும் பிரேக் ஆயில் பெயின்டைக் கரைப்பது இன்னொரு காரணம். கிணற்று உப்புத்தண்ணீரில் இன்ஜின் அறையைக் கழுவுவது மூன்றாவது. சாமான் கிடைக்காத பழைய வண்டி, சுத்தமான குடுவை, வேலை தெரிந்த கை, இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டும் கிட் போடலாம்.

ஆக, பெரும்பாலானவர்களுக்கு ஒரிஜினலா, வேறு தயாரிப்பா என்பதுதான் கேள்வி. கம்பெனிகளுக்கே பிரேக் சாமான் செய்து கொடுக்கும் தயாரிப்பாளரின் பெட்டியில் வருவது என்றால் விலை குறைந்ததை வாங்கலாம். பெயரில்லாத பெட்டி வேண்டாம். பொருத்தம் பார்க்காமல் வாங்குவதுதான் பெரிய தவறு. ஒரே மாடலில் ஏபிஎஸ் உள்ளதற்கும் இல்லாததற்கும் பூஸ்டர் வேறாக இருக்கலாம். அளவும் தண்டின் நீளமும் மாறும். சேஸிஸ் எண்ணைச் சொல்லிப் பாகத்தின் எண்ணை வாங்குங்கள், பழையதில் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது தண்டின் நீளம். பூஸ்டரின் தண்டுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி வேண்டும். அளவு ஒவ்வொரு காரின் சர்வீஸ் கையேட்டிலும் இருக்கும். தண்டு நீண்டால் பிரேக் விடாமல் பிடித்தபடி இருக்கும், பத்து கிலோமீட்டருக்குள் சக்கரம் சூடாகும். குட்டையானால் பெடல் தாழ்ந்து போகும். பல கார்களில் மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டைக் கழற்றி, பைப்பைத் திறக்காமலே மெதுவாக முன்னால் நகர்த்திவிடலாம். பைப்பைத் திறந்தால் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும், அதாவது ஏர் எடுக்க வேண்டும். கடற்கரை வண்டியில் துருவேறிய பைப்பை வளைப்பதற்கு முன் தொட்டுப் பாருங்கள். செதில் உதிர்ந்தால் அதுவும் மாற்ற வேண்டியதே.

மாஸ்டர் சிலிண்டரை நகர்த்தியதும் அதன் பின்முகத்தில் விரல் வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பின் சீல் கசிந்து பிரேக் ஆயில் பூஸ்டருக்குள் போயிருக்கிறது. வெளியே ஒரு சொட்டும் விழாமல் ரிசர்வாயரில் அளவு குறைந்துகொண்டே வந்ததற்குக் காரணம் அதுதான். பழைய மாஸ்டர் சிலிண்டரோடு புதுப் பூஸ்டரை மாட்டினால் அதையும் ஆயில் கெடுத்துவிடும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், நடுவே வரும் ஓரிங்கும் புதிது போடுங்கள்.

குற்றம் சக்கரத்தில் இருந்தால்

இன்ஜின் ஸ்டார்ட் செய்ததும் பெடல் ஒழுங்காக இறங்குகிறது, ஆனாலும் கார் நிற்கப் பலமாக மிதிக்க வேண்டியிருக்கிறது. கடற்கரையில் இப்படி வருகிற வண்டிகளில் நாங்கள் முதலில் பார்ப்பது காலிப்பரைத்தான். பேட் கண்ணாடி போல் மின்னினாலும், தரமில்லாத பேட் போட்டிருந்தாலும் இதே குறை வரும். அது பேட் மாற்றினால் தீர்ந்துவிடும், பேச ஒன்றுமில்லை.

காலிப்பரில் இரண்டு இடம் சிக்கும். ஒன்று, காலிப்பர் சறுக்கி நகரும் ஸ்லைடு பின். அதை மூடியிருக்கும் பூட் என்கிற ரப்பர் உறையில் சிறு கிழிசல் போதும், உள்ளே உப்பு ஈரம் போய் கிரீஸ் பழுப்பு நிறப் பசையாகிவிடும். பின்னைக் கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். திருகி இழுத்துத்தான் வருகிறது என்றால் காலிப்பர் ஒரு பக்கப் பேடை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தது என்று அர்த்தம். உள்பேடும் வெளிபேடும் வெவ்வேறு தடிமனில் தேய்ந்திருப்பதைப் பார்த்தாலும் தெரியும். பின்னைத் துடைத்து, துருவில் பள்ளம் இல்லை என்றால் பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் மெல்லிய படலமாகத் தடவுங்கள். சாதாரண சக்கர கிரீஸ் வேண்டாம். பூட் ஊதி அடுத்த மாதமே சிக்கும். பூட்டை மாற்றாமல் கிரீஸ் மட்டும் தடவுவது பாதி வேலை.

இன்னொன்று பிஸ்டன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரிதான் என்று தர அளவே வைத்திருக்கிறார்கள். அந்த ஈரம் பிஸ்டனை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றாத வண்டியில் பிஸ்டன் சிக்கினால் காரணத்தைத் தேட வேண்டியதில்லை. பிஸ்டன் வெளிமுகத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் எமரித்தாளால் தேய்த்துச் சமாளிக்க வேண்டாம். பிஸ்டன், சீல் இரண்டும் புதிது போடுங்கள், அல்லது முழுக் காலிப்பர். ஏர் எடுக்கும் நிப்பிள் துருவேறியிருந்தால் அது உடைந்து வேலை இரட்டிப்பாகும். முந்தின இரவே துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிட்டு, மூடிய வாய் ஸ்பேனரால் மட்டும் திறக்க வேண்டும். நிப்பிளைத் திறந்ததும் பூட்டியிருந்த சக்கரம் சுழன்றால், காலிப்பரை விடுத்து ரப்பர் பிரேக் ஹோஸைப் பாருங்கள். உள்ளே வீங்கி ஆயிலைத் திரும்பவிடாமல் பிடித்திருக்கும்.

செலவைப் பார்த்தால் பின்னும் பூட்டும் கூலியோடு சேர்ந்து பூஸ்டரைவிடக் குறைவு. இரண்டு முன் காலிப்பரும் புதிது என்றால் பல கார்களில் பூஸ்டரைத் தாண்டிவிடும். அதனால்தான் காலிப்பர் சர்வீஸை வருடத்துக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாசியில் செய்துவிடச் சொல்கிறோம்.

எங்கே கொண்டுபோவது

மிதியடி, ஹோஸ், வால்வு, ஸ்லைடு பின் வேலைக்குத் தங்கச்சிமடத்திலோ மண்டபத்திலோ பழக்கமான மெக்கானிக் போதும். ஆனால் சோதனையை அவர் முன்னால் நீங்கள் செய்து காட்டுங்கள். பம்பும் பூஸ்டரும் என்றால் கேஜும் சாமான் கடையும் உள்ள ராமநாதபுரம் டவுன் வசதி. ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால், அல்லது மின்சார வேக்கம் பம்ப் உள்ள புதிய வண்டி, மின்சாரக் கார் என்றால், ஸ்கேனர் உள்ள கம்பெனி சர்வீஸ் சென்டர் மட்டுமே. அது உள்ளூரில் இல்லையென்றால் மதுரைதான்.

தீவுக்குள் நின்ற வண்டியை ராமநாதபுரத்துக்கு ஓட்டிக்கொண்டு வருவதா, தூக்கிக்கொண்டு வருவதா என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. பாம்பன் பாலத்தில் கடலைப் பார்க்க நிறுத்திய வண்டிகளும் நடுவில் நிற்கிற ஆட்களும் எப்போதும் உண்டு. மேட்டிலிருந்து இறங்கும்போது இரண்டு காலால் மிதித்து நிறுத்துவது விளையாட்டில்லை. மெக்கானிக்கைத் தீவுக்கு வரச் சொல்லுங்கள், அல்லது பிளாட்பெட் வண்டியில் ஏற்றுங்கள். இன்ஷூரன்ஸில் சாலையோர உதவி சேர்த்திருந்தால் அந்தச் செலவை அது ஏற்குமா என்று பாலிசியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வேலை செய்தாலும் காசு கொடுக்கும் முன் பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பிறகு பட்டறை வாசலிலேயே, ஸ்டார்ட் செய்ததும் பெடல் இறங்குகிறதா என்ற சோதனையைத் திரும்பச் செய்து, ஆளில்லாத சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் நாலைந்து முறை பிரேக் போட்டுவிட்டு, நான்கு சக்கர ரிம்மையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால், அந்தச் சக்கரத்தின் காலிப்பரை மறுபடி திறக்கச் சொல்லுங்கள்.